யூபிஎஸ்ஸா, எஸ்எம்பிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா? திடீரென்று அணையும் கம்ப்யூட்டருக்கு எதில் காசு போடுவது

"தம்பி, மறுபடியும் அணைஞ்சு போச்சு" என்று மதினி போன் செய்தபோது மாதத்தின் 20ஆம் தேதி, மாலை ஐந்து மணி. வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். அன்றைக்கு ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள் என்பதால் குரலில் அழுகை பாதி, கோபம் பாதி. பத்து நாள் முன்புதான், கடைக்காரர் சொன்னார் என்று, மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது யூபிஎஸ் வாங்கி வைத்திருந்தார்.

போய்ப் பார்த்தேன். யூபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறது. அதே யூபிஎஸ்ஸில் செருகிய மானிட்டரும் உயிரோடு இருக்கிறது, சிக்னல் இல்லை என்று எழுதிக் காட்டிக்கொண்டு. கேபினட் மட்டும் செத்துக் கிடக்கிறது. கரண்டில் கோளாறு இருந்தால் மானிட்டரும் சேர்ந்துதானே போயிருக்க வேண்டும்? மூவாயிரம் ரூபாய் தவறான இடத்தில் போயிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இதே கேள்வியோடு அடிக்கடி யாராவது வருகிறார்கள். சிஸ்டம் தானாக அணைகிறது அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது, யூபிஎஸ் வாங்கவா, சர்வீஸுக்குக் கொடுக்கவா, பேசாமல் லேப்டாப் வாங்கிவிடவா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விலைகள் எங்கள் ஊர்ப் பக்கம் நான் கேட்டவை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, கோளாறு பெட்டிக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா என்பது. ஈபி கரண்ட், பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் வெளியே. சூடு, எஸ்எம்பிஎஸ் (ஈபி கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி), ரேம், விண்டோஸ் எல்லாம் உள்ளே. வெளி வியாதிக்கு உள் மருந்தும் உள் வியாதிக்கு வெளி மருந்தும் வாங்குவதால்தான் பெரும்பாலும் காசு வீணாகிறது.

இரண்டாவது, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? சேவ் செய்து மூட ஐந்து நிமிடம் போதுமா, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்துகிறார்களே, அந்த நாளிலும் வேலை ஓட வேண்டுமா? இந்த இரண்டுக்கும் ஒரே பொருள் சரிவராது.

மூன்றாவது, வாங்கும் விலையோடு மூன்று நான்கு வருடத்தில் பேட்டரிக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நான்காவது, அணைந்தால் எதை இழக்கிறீர்கள்? பையன் விளையாடும் கேம் பாதியில் போவதும், டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா கெட்டுப்போய் ரிப்பேர் போட்டுக் காத்திருப்பதும் ஒன்றில்லை.

## வாங்கும் முன் ஒரு வாரம் நோட்டு போடுங்கள்

இதற்குச் செலவு கிடையாது. ஒரு துண்டுத் தாளை மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அணையும் ஒவ்வொரு முறையும் நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, ட்யூப்லைட் மினுக்கியதா, மானிட்டரும் போனதா, இந்த நான்கை மட்டும் எழுதுங்கள்.

விளக்கு மினுக்கும்போது போனால் கரண்ட். போட்டு இருபது நிமிடம் கழித்தோ கனமான வேலையிலோ போனால் சூடு. எந்தக் காரணமும் இல்லாமல் போய், உடனே பட்டனை அழுத்தினால் உயிர் வராமல், கொஞ்ச நேரம் கழித்து வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். நீலத் திரை காட்டிவிட்டுப் போனால் ரேம் அல்லது டிரைவர்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு டைரி எழுதுகிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் என்பதைப் பாருங்கள். 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமோ ஆளோ முறைப்படி அணைத்திருக்கிறது என்று பொருள். அப்டேட் பெரும்பாலும் இதில்தான் மாட்டும். கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக இருந்தால் முறைப்படி மூடாமல் போயிருக்கிறது. நெட்டில் 41 என்று தேடி, அதற்கு ஏதோ மென்பொருள் மருந்து இருப்பதாக நினைத்துப் பலர் அலைகிறார்கள். 41 என்பது இறப்புச் சான்றிதழ் மாதிரி, இறந்ததைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதன் டீட்டெயில்ஸைத் திறந்து பக்செக் கோடு பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்கே தெரியாமல் போயிருக்கிறது, கரண்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ சூடோ. வேறு எண் இருந்தால் நீலத் திரை.

இன்னொன்று. "என்னுடையது அணையவில்லை, ரீஸ்டார்ட்தான் ஆகிறது" என்று வேறு வியாதி போலச் சொல்வார்கள். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்க வேண்டுமா, படுத்தே கிடக்க வேண்டுமா என்று பயாஸில் (விண்டோஸ் எழும் முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் பொறுத்து ஒரே கரண்ட் வெட்டு ஒரு வீட்டில் அணைப்பாகவும் பக்கத்து வீட்டில் ரீஸ்டார்ட்டாகவும் தெரியும்.

## வழி 1: செட்டிங்ஸை மாற்றுவது

செலவு இல்லை, பத்து நிமிட வேலை. டைரியில் 1074 கிடைத்தவர்களுக்கு இதுவே போதும். விண்டோஸ் அப்டேட்டில் ஆக்டிவ் ஹவர்ஸ் என்று இருக்கும். அதிகபட்சம் 18 மணி நேரம் வரை கொடுக்கலாம், அந்த நேரத்துக்குள் அது தானாக ரீஸ்டார்ட் செய்யாது. தாக்கல் வாரம், பரீட்சை வாரம் என்றால் ஐந்து வாரம் வரை அப்டேட்டை நிறுத்தியும் வைக்கலாம். அப்டேட்டே வராமல் அடைத்துவிடும் சின்ன மென்பொருள்களைச் சிலர் போட்டுத் தருகிறார்கள், அதைப் போடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டையோடு பேங்க் பாஸ்வேர்டு அடிப்பதுதான் அதன் மறைமுகச் செலவு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு நீட்டிப்பில் சேராமல் இன்னும் அதிலேயே இருந்தால், குற்றவாளி அப்டேட்டாக இருக்க வாய்ப்பு குறைவு.

நீலத் திரை ஒரு கணம் மின்னி மறைகிறது, படிக்க முடியவில்லை என்றால், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரிக்குள் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கோளாறு சரியாகாது, ஆனால் திரை நிற்கும். போனில் படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டலாம்.

## வழி 2: திறந்து சுத்தம் செய்வது

எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீட்டு சிஸ்டங்கள் சாமி அலமாரிக்குக் கீழேயோ ஜன்னலோரமோ இருக்கின்றன. சாம்பிராணிப் புகையும் தெருப் புழுதியும் சேர்ந்து ப்ராசசர் விசிறியின் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்துவிடும். சூடு ஏறினால் ப்ராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். பல இன்டெல் ப்ராசசர்களில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதற்கும் மேலே ஏறிக்கொண்டே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைத்துவிடும். எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 70ஐத் தாண்டினால் திறந்து பார்க்க வேண்டிய நேரம்.

முப்பது ரூபாய் பெயிண்ட் பிரஷ் ஒன்று போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். பழைய இன்டெல் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். அதில் ஒன்று மதர்போர்டில் சரியாக மாட்டாமல் தூக்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தூசியே இல்லாவிட்டாலும் அந்த ஒரு கால் போதும். கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புது தெர்மல் பேஸ்ட் போடாமல் மாட்டக்கூடாது, அது இருநூறு முந்நூறு ரூபாய். ரேமை எடுத்து அதன் தங்கக் கால்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டும் வழக்கம் நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் உண்டு. கேலியாகத் தோன்றும், பல நேரம் பலிக்கும்.

திறந்தது திறந்தபடி இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கேபினட்டின் பவர் பட்டன் தேய்ந்து உள்ளே மாட்டிக்கொண்டால், யாரோ நீளமாக அழுத்திக்கொண்டிருப்பதாக நினைத்து சிஸ்டம் அணைந்துவிடும். ரீசெட் பட்டனும் அப்படியே. சந்தேகப்படும் பட்டனின் ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு (பவர் பட்டன் என்றால் சிஸ்டம் எழுந்த பிறகு) இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் பைசா செலவில்லாமல் முடிந்தது கதை.

## வழி 3: எஸ்எம்பிஎஸ் மாற்றுவது

மதினி வீட்டுக் கோளாறு இதுதான். கேபினட்டோடு இலவசமாக வந்த பெட்டி, மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். அந்த எண்ணை நம்ப வேண்டாம். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இவரிடம் 16 இருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த வரிசையில்தான், 450 வெறும் அலங்காரம். நான்கு வருடம் கழித்து உள்ளே கப்பாசிட்டர்கள் உப்பிப்போனால் அந்த 192ம் வராது.

உறுதி செய்ய என் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக்கொண்டு போய் அவருடையதில் மாட்டி இரண்டு நாள் விட்டேன். ஒரு முறைகூட அணையவில்லை. கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை இதற்கு இல்லை. மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் "ஒரு நாள் வேறு எஸ்எம்பிஎஸ் போட்டு ஓட்டிப் பாருங்க" என்றே கேளுங்கள். அந்தப் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். (இன்னொரு வீட்டில் அணைந்துபோன எஸ்எம்பிஎஸ்ஸை மெக்கானிக் திறந்தபோது பல்லி ஒன்று கருகிக் கிடந்தது. அதற்கு எந்த ஸ்டிக்கரும் பதில் சொல்லாது.)

எழுநூறு எண்ணூறு ரூபாய்க்கும் கிடைக்கும், மூவாயிரத்துக்கும் கிடைக்கும். 80 பிளஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று) முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவதுதான் என் கட்சி. காரணம் ஸ்டிக்கரில் இருக்கிறது. மலிவான பெட்டிகள் பலவற்றில் உள்ளே வரும் மின்சாரம் 200 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். நல்லவை பலவற்றில் 100 முதல் 240 என்று இருக்கும். சாயங்காலம் தெரு முழுக்க மோட்டார் போடும்போது வோல்டேஜ் 170க்கு இறங்கும் ஊர்களில் முதல் வகை மூச்சை விடும், இரண்டாவது வகை கண்டுகொள்ளாது. அதாவது, பெட்டிக்கு உள்ளே மாற்றும் ஒரு பொருள் வெளியே உள்ள லோ வோல்டேஜ் பிரச்சினையையும் சேர்த்துத் தீர்த்துவிடும்.

இதில் ஒரு முரண் உண்டு. இப்படிப்பட்ட நல்ல எஸ்எம்பிஎஸ் சில, மலிவான யூபிஎஸ் பேட்டரியிலிருந்து கொடுக்கும் படிக்கட்டு மாதிரியான அலையை ஏற்காமல், கரண்ட் போகும் அந்தக் கணத்திலேயே அணைந்துவிடும். இரண்டும் புதிது, இரண்டும் நல்லது, சேர்ந்தால் ஒத்துவராது. வாங்கிய அன்றே எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, யூபிஎஸ்ஸின் சுவிட்சை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

## வழி 4: யூபிஎஸ்

கோளாறு கரண்டில்தான் என்று நோட்டு சொன்னால் மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கு வரும் 600 விஏ யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் 360 வாட் வரைதான் செருகலாம். உள்ளே இருப்பது ஒரே ஒரு 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பெருக்கினால் 84 வாட் ஹவர். வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதி கிடைத்தால் பெரிது. சாதாரண சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் என்று வைத்தால் புதிதில் இருபது நிமிடம் சொச்சம். இரண்டு வருடம் கழித்து அது ஐந்து நிமிடமாகும், அப்புறம் ஒரு நாள் கரண்ட் போன நொடியிலேயே கீச்சிட்டுவிட்டு அணையும். ஆக, மூவாயிரம் கொடுத்து வாங்கினாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆயிரம் ரூபாய் பேட்டரிக்கு எடுத்து வைக்க வேண்டும். பேட்டரி போய் வருடமாகியும் யூபிஎஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கும் வீடுகள் நிறைய.

ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் அமைப்பு) உள்ளதாக வாங்கினால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை ஓரளவு பேட்டரியைத் தொடாமலே சமாளிக்கும். லேசர் பிரிண்டரை அதில் செருகவே கூடாது. பிரிண்ட் கொடுத்தவுடன் உருளையைச் சூடாக்கப் பல நூறு வாட் இழுக்கும், ஓவர்லோடில் யூபிஎஸ் விழும், கூடவே சிஸ்டமும் விழும். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் யூபிஎஸ் என்று ஒன்று உண்டு, எப்போதும் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் வழியாகவே கொடுப்பதால் மாறும் இடைவெளியே கிடையாது. விலை பத்தாயிரத்துக்கு மேல், நாள் முழுக்க விசிறிச் சத்தம், கரண்ட் பில். லேப், சர்வர் அறைகளுக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

## வழி 5: வீட்டு இன்வெர்ட்டரையே நம்புவது

2012 வாக்கில் மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. இருந்தால், யூபிஎஸ்ஸுக்குக் காசு எடுப்பதற்கு முன் அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒட்டடையைத் தட்டினால் சின்னதாக ஒரு சுவிட்ச் தெரியும், ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ என்று. மாட்டிவிட்டுப் போனவர் பெரும்பாலும் நார்மலில்தான் விட்டிருப்பார். அந்த நிலையில் ஈபி வோல்டேஜ் 100 வரை இறங்கினாலும் அப்படியே வீட்டுக்குள் விடும், பேட்டரிக்கு மாறும்போதும் கொஞ்சம் நிதானமாகவே மாறும். விசிறிக்கும் விளக்கும் அது தெரியாது. கம்ப்யூட்டருக்கு அது மரணம். ஒரு எஸ்எம்பிஎஸ் தன்னிடம் உள்ள சேமிப்பை வைத்து முழு லோடில் 16, 17 மில்லி நொடி தாங்கினால் அதிகம். சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் 180க்குக் கீழே இறங்கியதுமே சுமார் 10 மில்லி நொடியில் பேட்டரிக்கு மாறிவிடும்.

இந்த ஒரு தள்ளலில் பிரச்சினை முடிந்துபோன வீடுகள் எனக்குத் தெரியும். பராமரிப்பு நாளில் மணிக்கணக்கில் வேலை ஓட வேண்டும் என்றால் இதை அடிக்க ஆளில்லை. 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 1,800 வாட் ஹவர், அந்தச் சின்ன யூபிஎஸ்ஸைப் போல இருபது மடங்கு.

செலவு இதில் ஒளிந்திருக்கிறது. வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் ஊரில் யூபிஎஸ் நிலையில் வைத்தால் பேட்டரிக்கு அடிக்கடி வேலை, ஆயுள் குறையும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தாலும் அப்படியே. புது பேட்டரி பதிமூன்று பதினைந்தாயிரம். அப்புறம், இன்வெர்ட்டர் லைனிலேயே சமையலறைப் பிளக்கும் இருந்தால், கரண்ட் இல்லாதபோது யாராவது மிக்ஸியில் சட்னி அரைக்கப் போய் மொத்தமும் ட்ரிப் ஆகும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கம்ப்யூட்டரை அதில் விடாதீர்கள், எஸ்எம்பிஎஸ் முனகும்.

## வழி 6: லேப்டாப்புக்கு மாறுவது

பேட்டரி கூடவே இருப்பதால் கரண்ட் பிரச்சினை பெரும்பாலும் ஒழிந்தது. டெஸ்க்டாப்புக்கே எட்டு வயது, ரேமும் போதவில்லை என்றால் அதற்கு எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் என்று ஆறாயிரம் போடுவதைவிட இது மேல். ஆனால் கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பக்கவாட்டு நம்பர் கீபோர்டும் பெரிய திரையும் இல்லாமல் கை ஓடாது. அதையும் வாங்க வேண்டும். லேப்டாப்பும் சூட்டில் அணையும். மெத்தையில் வைத்து வேலை செய்தால் இன்னும் சீக்கிரம்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | தோராயச் செலவு | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|
| செட்டிங்ஸ் | டைரியில் 1074 | இல்லை | அப்டேட் தள்ளிப்போகும் |
| சுத்தம் | கனமான வேலையில் போனால் | ரூ.30 - 500 | வருடம் ஒருமுறை நேரம் |
| எஸ்எம்பிஎஸ் | மானிட்டர் இருக்க, கேபினட் மட்டும் போனால் | ரூ.2,500 - 3,500 | சில யூபிஎஸ்ஸோடு ஒத்துவராது |
| யூபிஎஸ் | கரண்ட் அடிக்கடி, சில நிமிடம் போனால் | ரூ.2,500 - 3,500 | 2-3 வருடத்தில் பேட்டரி |
| இன்வெர்ட்டர் | ஏற்கெனவே இருந்தால், மணிக்கணக்கில் வேண்டும் என்றால் | சுவிட்சுக்குச் செலவில்லை, புதிது ரூ.20,000க்கு மேல் | பேட்டரி, டிஸ்டில்டு வாட்டர் |
| லேப்டாப் | டெஸ்க்டாப்பே பழசு என்றால் | ரூ.35,000க்கு மேல் | திரை, கீபோர்டு |

நானாக இருந்தால் நோட்டு, சுத்தம், இன்வெர்ட்டர் சுவிட்ச் இந்த மூன்றையும் முடித்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பேன். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது, நோட்டைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் போடுவேன், யூபிஎஸ்ஸில் போட மாட்டேன். டேலி ஓட்டுகிறவர்கள் மட்டும் இரண்டையும் வாங்குங்கள். என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டா கெடும், அதைச் சரி செய்யக் கேட்கும் கூலியில் ஒரு யூபிஎஸ் வந்துவிடும். எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வேர்டு, எக்செல்லில் ஆட்டோ ரெகவரை 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடத்துக்குக் குறைத்து வையுங்கள்.

மதினிக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றி மாதங்களாகிவிட்டன. அந்த யூபிஎஸ்ஸும் வீணாகவில்லை, பராமரிப்பு நாளில் சிஸ்டத்தை இருபது நிமிடம் தாங்குகிறது. ஆனால் முதல் முறை அப்படிக் கரண்ட் போனபோது மறுபடியும் போன் வந்தது. சிஸ்டம் ஓடுகிறதாம், போர்ட்டல் திறக்கவில்லையாம். வைஃபை ரவுட்டரை ஹாலில் சாதாரணப் பிளக்கில் மாட்டியிருந்தார். அதற்கென்றே ரவுட்டருக்கான 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஆயிரம் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டுப் போங்கள், சிலவற்றுக்கு 9 வோல்ட்தான்.